பஞ்சாங்கம் உண்மை பேசிய மாதம்

எங்கள் பஞ்சாங்கத்தைப் போல வாய் கூசாமல் பொய் சொல்கிற மனிதர் திருப்பூரில் அவருக்கு முன்னாலும் இருந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. பொய்யால் கெட்டுப்போன கம்பெனிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொய்யால் மட்டுமே நேரத்துக்குச் சரக்கு அனுப்பிய கம்பெனி ஒன்று உண்டென்றால் அது அருள்புரத்தில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த அந்தப் பனியன் கம்பெனிதான்.

அவருக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எதிரில் வருகிற ஆளிடமெல்லாம் ஒரு தேதி சொல்வார் என்பதால் பஞ்சாங்கம் என்று பெயர் விழுந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர், மூலனூர்க்காரர். வேலை ஃபாலோ-அப்.

ஒரு டி-ஷர்ட் முழுவதும் ஒரே கூரைக்குக் கீழே உருவாகிறது என்று நீங்கள் நினைத்திருந்தால் அது உங்கள் நல்ல மனசு. துணி ஓரிடத்தில் பின்னப்படும். இன்னோரிடத்தில் சாயம் ஏறும். அங்கிருந்து காம்பேக்டிங் போய் அகலம் சரியாகி வந்த பிறகுதான் நாங்கள் வெட்டித் தைக்க முடியும். முதல் ஆள் இழுத்தடித்தால் அடுத்த ஆள் ஈ ஓட்ட வேண்டியதுதான். இவர்கள் எல்லோரையும் பைக்கில் சுற்றிச் சுற்றி விரட்டுவது பஞ்சாங்கத்தின் பாடு.

விரட்டுவதற்கு அவரிடம் இரண்டே ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, பைக்கின் முன்னால் தொங்கும் மூலனூர் முருங்கைக்காய்க் கட்டு. இன்னொன்று பொய்.

சாயப்பட்டறையில் பதினேழாம் தேதி துணி வேண்டுமென்றால், "பத்தாந்தேதி இல்லீன்னா கப்பல் போயிருமுங்க" என்பார். பட்டறைக்காரர் பெரிய மனுஷன், இவரைப் பல வருடமாக அறிந்தவர். மனசுக்குள் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு சரியாகப் பதினேழாம் தேதி துணியை அனுப்புவார். காம்பேக்டிங்காரருக்கு வேறு பொய். எங்கள் தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்காவுக்கு வேறு பொய். பொய் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு சொல்கிறார் என்பதும் தெரியும். அதனால் வேலை கச்சிதமாக நடந்தது.

தேதிக்கு வலு சேர்க்கக் குடும்பத்தையும் இழுப்பார். பெரியப்பாவைப் பல தடவை சாகடித்திருக்கிறார். "ஊட்டுக்காரிக்கு ஒடம்பு சரியில்லைங்க, ஆஸ்பத்திரிலிருந்து நேரா இங்கதான் வர்றனுங்க" என்று அவர் சொன்ன நாட்களில் அந்த அம்மா வீட்டில் திடமாக வடகம் பிழிந்துகொண்டிருப்பார்.

மகள் கல்யாணத்திலும் தொழிலை விடவில்லை. பத்திரிகையில் போட்ட முகூர்த்த நேரம் ஒன்று, சமையல்காரருக்குச் சொன்னது ஒன்று, மேளக்காரருக்குச் சொன்னது மற்றொன்று. எல்லோரும் அவரவர் வழக்கப்படி கூட்டிக்கொண்டு, தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளைக்கு மட்டும் கணக்குப் பிடிபடவில்லை. வெகு நேரமாகத் தனியாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

நடுவில் எங்கள் முதலாளிக்கு ஒரு ஞானோதயம். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, இனி நிலவரத்தை உள்ளது உள்ளபடி அதில் போட வேண்டும் என்றார். குட் மார்னிங் வந்தது, பிரதோஷ வாழ்த்து வந்தது, உடுமலையில் யாருக்கோ தென்னந்தோப்பு விற்பனைக்கு இருப்பதும் வந்தது. துணி எங்கே இருக்கிறது என்பது மட்டும் கடைசி வரை வரவில்லை. அதற்குப் பஞ்சாங்கத்தின் பைக்தான் போக வேண்டியிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் பழனி முருகன் கை வைத்தார்.

ஒரு மார்கழியில் பஞ்சாங்கம் கழுத்தில் மாலையோடு, வெறுங்காலில் ஆபீசுக்குள் வந்தார். "தைப்பூசத்துக்கு நடக்கறனுங்க தம்பி. கறி, மீனு, செருப்பு, பொய்யி, நாலையும் உட்டுட்டனுங்க" என்றார். முதல் மூன்றால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நாலாவது எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. கையில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று இருந்தது. முந்தைய ஆர்டர் துறைமுகத்தில் மாட்டித் தாமதமானதால் இந்தத் தடவை கப்பலைத் தவறவிட்டால் இனி ஆர்டரே கிடையாது என்று வெளிநாட்டுக்காரன் கண்டிப்பாக எழுதியிருந்தான். அது போனால் செல்வி அக்காவின் லைனையே மூட வேண்டும் என்பது முதலாளியின் கவலை. துணி பதினேழாம் தேதி வந்தே ஆக வேண்டும். பஞ்சாங்கமும் போய்ப் பட்டறைக்காரரிடம் "பதினேழு" என்றே சொல்லியிருக்கிறார்.

துணி இன்னும் சாயத்துக்கே ஏறவில்லை என்று தெரிந்து பதறிப்போய்ப் பட்டறைக்காரருக்கு போன் போட்டேன்.

"அண்ணன் பதினேழுன்னாருங்க. அப்பிடீன்னா இருவத்தி நாலு. எதுக்கு அவசரம்னு ஓரமா வெச்சுட்டோமுங்க."

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "ஐயா, அவரு மாலை போட்டிருக்காரு. உண்மையைத்தான் சொல்லுதாரு."

"சத்தியம் வேற பண்ணுனாருங்க தம்பி. அதனால இன்னும் ரெண்டு நாள் சேத்தே வெச்சுருக்கறனுங்க."

காம்பேக்டிங்கிலும் இதே கதைதான். முதலாளி பஞ்சாங்கத்தைக் கூப்பிட்டு, கும்பிடாத குறையாகக் கேட்டார். "ஏனுங்கண்ணா, ஒரே ஒரு பொய்யிங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வாட்டி நெசமாவே ஊட்டுக்காரிக்கு ஒடம்பு சரியில்லீங்க. கழுத்துல கட்டி. ஆப்பரேசன் பண்ணி டெஸ்டுக்கு அனுப்பியிருக்குதுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் பொய் சொல்றதில்லைன்னு வேண்டியிருக்கறனுங்க. என்னைய உட்ருங்க."

முதலாளி அதற்கு மேல் கேட்கவில்லை. இருந்தாலும் துணி துணிதானே. ஒரு யோசனை சொன்னேன். "அண்ணே, நீங்க பொய் சொல்ல வேண்டாம். சொல்லுறதா இருந்தா யாருகிட்ட என்ன சொல்லுவீங்கன்னு எங்ககிட்ட சொல்லலாம்லா? அது உண்மைதானே?"

பஞ்சாங்கம் பூஜை அலமாரியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். "அதுல தப்பில்லீங்க" என்றவர் மடை திறந்துவிட்டார்.

"காம்பேக்டிங்காரருகிட்ட தேதியே சொல்லப்படாதுங்க. 'உங்களால முடியாதுன்னு சாயப்பட்டறைக்காரரு சொல்றாரு'ன்னா போதும், ரோசத்துல முடிச்சுருவாரு. செல்வி அம்மிணிகிட்ட வாயே தொறக்கப்படாது. முருங்கக்காய வெச்சுட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டு நில்லுங்க. பட்டறைக்காரருக்குப் பத்துன்னு சொல்லோணும், ஆனா சொல்றப்ப மூச்சு வாங்கோணும்."

இத்தனை வருட வித்தையை அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டு, நாங்கள் போனை எடுத்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நான் பட்டறைக்காரரை அழைத்து, மூச்சு வாங்கி, "பத்தாந்தேதிக்கு வேணும்ங்க ஐயா" என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, இவ்வளவு மோசமா ஒருத்தர் பொய் சொல்லி நான் கேட்டதில்லீங்க. உங்கள பேச உட்டுருக்காங்கன்னா அப்ப அவரு சொன்னது நெசந்தானுங்களா?"

"நிசந்தாங்க."

"அந்த மனுசன் நெசம் பேசற அளவுக்கு என்னங்க ஆச்சு?"

சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே துணி சாயத்துக்கு ஏறியது. காம்பேக்டிங்காரர் ரோசப்பட்டார். செல்வி அக்கா முருங்கைக்காயையும் வாங்கி, வீட்டம்மா விஷயத்தையும் என்னிடமிருந்து கறந்துகொண்டு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப்போறோம்?" என்று திட்டிவிட்டு உட்கார்ந்து தைத்தார். கண்டெய்னர் கிளம்பி, கப்பலையும் பிடித்துவிட்டது. எங்கள் வேலை பிழைத்தது. பஞ்சாங்கம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ரிசல்ட் இன்னும் வரவில்லை.

தைப்பூசத்துக்குப் பழனி போய்த் திரும்பியவர் காலெல்லாம் கொப்புளத்தோடு வந்தார். உடன் நடந்தவர்கள் எல்லோரும் மாலையைக் கழற்றிவிட்டார்கள், இவர் கழற்றவில்லை. அப்படியே வேலைக்கு வந்தார், அப்படியே எல்லோரிடமும் உண்மை பேசி எங்கள் பிராணனை வாங்கினார். மாலை ஏன் இன்னும் என்று கேட்டால் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் மதியம் கோயமுத்தூரிலிருந்து நேராகத் தையல் ஹாலுக்கு வந்து நின்றார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ரிசல்ட் வந்துருச்சுங்க. பயப்படற மாதிரி ஒண்ணுமில்லைன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க" என்றார். மாலையைத் தொட்டுக் காட்டினார். "இதக் கழட்டிட்டு வந்து சொல்லியிருந்தா நீங்க யாரும் நம்பியிருக்க மாட்டீங்கல்லங்க. அதான் போட்டுக்கிட்டே இருந்தனுங்க."

செல்வி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஞ்சாங்கம் மாலையைக் கழற்றி ஆபீஸ் பூஜை அலமாரி முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, போனை எடுத்தார்.

"ஏனுங்க, அடுத்த லாட்டு பத்தாந்தேதி இல்லீன்னா கப்பல் போயிருமுங்க."

பதினேழு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய்யைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.