இருபத்தேழாம் புள்ளி

2019 மார்ச் 14, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பார்சிலோனாவில் ஒரு மூளை ஆய்வு நிலையத்தின் வரவேற்பறைச் சுவரில், எண்ணிட்ட நாற்பத்தொரு புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக ஒரு படம் ஒட்டப்பட்டது. இருபத்தேழாம் புள்ளிக்கு மட்டும் ஒரு கோடும் இல்லை.

ஒட்டியவன் ஃபெரான் கெரால்ட். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவன். மூளையில் எந்த நரம்பணு எதோடு பேசுகிறது, எதை எடுத்துவிட்டால் மொத்தப் பேச்சும் நின்றுபோகும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவன் வேலை. சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்குப் புரியட்டும் என்று, நரம்பணுக்களுக்குப் பதிலாக நிலையத்து ஆட்களையே புள்ளிகளாக்கியிருந்தான். ‘வேலையில் சிக்கிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?’ என்று எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினான். எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் நடுவே ஒரு கோடு. தான் எழுதவில்லை, இயக்குநரையும் தொந்தரவு செய்யவில்லை.

படத்துக்குப் பக்கத்தில், குடும்பப் பெயர் வரிசையில் எண்ணிட்டு ஒட்டியிருந்த பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தான். இருபத்தேழு: அசும்தா புச்வெர்ட், இயக்குநர்.

அவனுடைய ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. சக ஆய்வாளன் ஜெரார்ட் போன்ஸின் ஒப்பந்தமும் அதே ஜூனில். நீட்டிக்க இருப்பது ஒரே இடம். “யார் இல்லாட்டி இங்க வேலை ஓடாதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்று அசும்தா போன வாரம் மாடிப்படியில் சொல்லியிருந்தார். இன்று நான்கு மணிக்குப் படத்தைப் பார்க்க வருகிறார். தன்னிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை என்பதைச் சுவரில் பெரிதாகப் பார்க்கப்போகிறார்.

வரவேற்பு மேசையிலிருந்த ரெமெய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகே வந்தார்.

“தம்பி, பட்டியல்ல நான்தான் கடைசி, நாப்பத்தொண்ணு. படத்துல நாப்பத்தொண்ணைக் காணோமே.”

“ஏதாவது கோட்டுக்கு அடியில இருக்கும் ரெமெய். அப்புறம் தேடித் தரேன்.”

படத்தைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினான்.

முதலில் இன்னொரு ஆய்வாளனான பெர்னாட்டைப் பிடித்தான். படிவத்தில் இயக்குநர் பெயரையும் சேர்க்கச் சொன்னான்.

“அவங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கப் போனா ரெண்டு வேலையோட திரும்பி வரணும். நான் எதுக்கு எழுதணும்?”

பேரம் நடந்தது. முந்நூற்றிரண்டு நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவைப் பெர்னாட் கணினியில் நீந்தவிட்டிருந்தான். அது மூன்று வாரமாகப் பின்பக்கமாகவே நீந்திக்கொண்டிருந்தது. ஃபெரான் பத்து நிமிடத்தில் ஒரு கழித்தல் குறியைக் கண்டுபிடித்து நீக்கினான். புழு நேராகப் போயிற்று.

“மூணு வாரமா இது கண்ணுல படலையா? உனக்கெல்லாம் யாருடா பட்டம் குடுத்தது?” என்றான்.

பெர்னாட் படிவத்தைத் திருத்தினான். ஃபெரான் படத்தை மறுபடி வரைந்தான். இருபத்தேழு அப்படியே தனியாக நின்றது. ஒரு புதுக் கோடு இருபத்தாறுக்குப் போயிருந்தது. பட்டியலில் இருபத்தாறு, ஜெரார்ட் போன்ஸ்.

பெர்னாட் விளையாடுகிறான் என்று நினைத்து, மூளையலைப் பதிவு அறையிலிருந்த யொலாந்தாவிடம் போனான். அங்கே ஒரு தன்னார்வலர் தலையில் மின்முனைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். களிம்பு கழுத்தில் வழிந்தது. மூளையலை திரையில் தாறுமாறாகத் துடித்தது. யொலாந்தா ஒரு மணி நேரமாகக் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தாள். ஃபெரான் தன்னார்வலரின் வாயைப் பார்த்தான். சூயிங்கத்தைத் துப்பச் சொன்னான். அலை அடங்கியது. யொலாந்தா அவன் எதிரிலேயே இயக்குநர் பெயரை எழுதினாள்.

இருபத்தாறுக்கு இன்னொரு கோடு.

அவன் நகர்ந்ததும் மாற்றி எழுதிவிட்டாள் என்று நினைத்து அவனுக்கு வீம்பு வந்தது. ஒருவருடைய உரை ஒத்திகையைக் கேட்டான். ஒருவருக்கு வரைபடத்தின் நிறம் மாற்றினான். இரண்டு மணிச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் போனபோது, கையில் தக்காளி தேய்த்த ரொட்டியோடு மூன்றாம் மாடியில் யாருடைய கணினியையோ உயிர்ப்பித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் சொன்னபடி எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் இருபத்தாறு பருத்தது. போட்டியாளனைத் தன் கையாலேயே வளர்த்துக்கொண்டிருந்தான்.

காப்பி இயந்திரத்தருகே போன்ஸ் படத்தை எட்டிப் பார்த்தான்.

“இருபத்தாறு நானா? இத்தனை பேரா என்கிட்ட கேக்குறாங்க? ஒருத்தரும் என் அறைப்பக்கம் வந்த மாதிரி தெரியலையே.”

ஃபெரான் படத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தான்.

மூன்றே முக்காலுக்குக் கடைசியாக ஒருமுறை வரைந்தான். அவன் கேட்காமலே பலர் படிவத்தை மறுபடி திறந்து திருத்தியிருந்தார்கள். இருபத்தேழில் ஒன்பது கோடுகள். ஒருவழியாக மனம் இரங்கிவிட்டார்கள் என்று எண்ணி, ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டினான்.

நான்கு மணிக்கு அசும்தா வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தையும் பக்கத்திலிருந்த பட்டியலையும் வெகுநேரம் பார்த்தார். எந்தக் கணினி நிரலில் வரைந்தாய் என்று கேட்டார். சொன்னான். அவர் லேசாகச் சிரித்தார்.

“இருபத்தேழு காலையில எப்படி இருந்தது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தனியா இருந்தது.”

“இப்ப ஒன்பது கோடு. ஜூன்ல இருபத்தேழை அனுப்பிட்டா ஒன்பது பேர் திண்டாடுவாங்க.”

அவர் தான் ஓய்வு பெறுவதைப் பற்றிச் சொல்கிறார் என்று ஃபெரான் பதறிப்போனான். இப்போது என்ன அவசரம், இன்னும் பல வருடம் இருக்கலாமே என்றான்.

“ரெண்டு வருஷம் போதும்” என்றார் அசும்தா. கோப்பிலிருந்து நீட்டிப்புத் தாளை எடுத்து, ரெமெயின் மேசையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தாளில் ஃபெரான் கெரால்ட் என்று இருந்தது. 2021 ஜூன் 30 வரை என்று இருந்தது.

இயக்குநரின் மனத்தைக் குளிர வைத்ததற்குக் கிடைத்த கூலி என்று அவன் நினைத்துக்கொண்டான். ரெமெய் மறுபடி படத்தருகே நின்றிருந்தார்.

“நாப்பத்தொண்ணு இல்லவே இல்ல. ஆனா இங்க ஓரமா சைபர்னு ஒரு புள்ளி இருக்கு. அது யாரு தம்பி?”

ஃபெரான் பார்த்தான். பட்டியல் ஒன்றில் தொடங்கியது. படம் வரைந்த நிரல் சைபரிலிருந்து எண்ணியிருந்தது.

“அப்ப எல்லாரும் ஒண்ணு தள்ளி” என்றார் ரெமெய். “நான் நாப்பது. இந்தப் பெரிய இருபத்தாறு, அசும்தா.” பட்டியலில் விரலை ஒரு பெயர் கீழே, ‘Q’வில் தொடங்கும் இருபத்தெட்டாம் பெயருக்கு இறக்கினார். “காலையில தனியா நின்னது நீதான்.”