ராணி இல்லாத ஆட்டமும் செடெனாக் சிம்மாசனமும்

ஆராய்ச்சி செய்கிறவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகவே கூடாது. நான் போனேன். அதுவும் பழத்தட்டை அம்மா தலையில் கட்டிவிட்டு, கையில் சதுரங்கப் பலகையோடு.

அப்போது எனக்குச் சதுரங்க வரலாற்றுப் பித்து. தொழிற்சாலை விட்டால் நூலகம். அந்தக் காலத்தில் நான்கு பேர் பகடை உருட்டி ஆடிய ஆட்டம் ஒன்று இருந்ததாகப் படித்து, காய்களுக்கு நான்கு நிறச் சாயம் பூசி வைத்திருந்தேன்.

செடெனாக் ஊரில், நான் பார்க்கப் போன பெண் மலர்விழியின் அப்பா ஆசையாகக் கேட்டார்: “தம்பி செஸ் ஆடுவீங்களாமே?”

“ஆடறது என்ன அங்கிள், அதோட வரலாறே என் கையில இருக்கு.” (வாய்க்கொழுப்பு.)

தேநீர் ஆறிப்போகும்வரை பேசினேன். “முதல்ல ராணியே கிடையாது அங்கிள். மந்திரிதான். ராணியெல்லாம் ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போன பிறகு வந்தது.”

அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் கேட்கப் போன வீட்டில் ராணி தேவையில்லை என்று அடித்துச் சொன்ன மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

பலகையை விரித்தோம். நானும் அங்கிளும் ஒரு கட்சி. மலர்விழியும் அவள் சித்தப்பாவும் எதிர்க்கட்சி. கூட்டாளியின் சிம்மாசனக் கட்டத்தில் நம் ராஜா ஏறினால் அவர் படையும் நமக்கே என்பது பழைய விதி. (இதை முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன்.) அங்கிளின் ராஜா சற்றே நகர, நான் ஏறி உட்கார்ந்தேன்.

“இனிமே உங்க ஆளுங்க எல்லாம் எனக்குத்தான் அங்கிள்!”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார் சித்தப்பா.

அங்கிள் தன் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பொண்ணு கேட்டு வந்தீங்களா, வீட்டையே கேட்டு வந்தீங்களா?”

அம்மா என் தொடையைக் கிள்ளினார். “மன்னிப்புக் கேளுடா!”

எனக்கு மலர்விழியைப் பார்த்தவுடனே பிடித்துப் போயிருந்தது; அவள் கிடைக்காமல் போய்விடுவாளே என்று அழுகையே வந்தது. ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை.

“விதி அதுதான் அங்கிள்.”

மலர்விழி கைப்பேசியில் எதையோ தேடிப் படித்தாள். “அவரு சொல்றது சரிதான்லா அப்பா. அப்படித்தான் போட்டிருக்கு.”

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கல்யாணமே நின்றாலும் ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது என்ற பெருமை! (மடையன்.)

அங்கிள் அவளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். “இப்பவே அவருக்குப் பரிஞ்சு பேசற. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? தேதி பாருங்க.”

கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, எங்கள் மகளே இப்போது செஸ் ஆடுகிறாள். ஆனால் இன்றும் நான் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “மாப்பிள்ளை வந்துட்டாரு!” மாமனார் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, துண்டோடு ஓடிவந்து தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.