சாய்ந்துபோன கூட்டல் குறி

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமைக்குள் நீங்கள் இங்கே வந்தாக வேண்டும். சும்மா எட்டிப் பார்க்க வந்த மாதிரி வாருங்கள். உங்கள் தங்கையிடமோ என் மகளிடமோ இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

நீங்கள் என் மகளுக்கு வாங்கிக் கொடுத்த போட்டித் துப்பாக்கியின் ஸ்கோப்பை, அதுதான் மேலே இருக்கும் குறிபார்க்கும் குழாயை, நான் கழற்றிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் கண்ணில் தூசி படிந்த கண்ணாடி பட்டால் என்ன ஆகும்? துடைத்தேன். துடைத்தது பளிச்சென்று இருக்கிறது, திரும்ப மாட்டியதுதான் கோணல்; துப்பாக்கி தெரிந்த நீங்கள்தான் வந்து நிமிர்த்த வேண்டும். உள்ளே தெரியும் கூட்டல் குறி நேராக நிற்க வேண்டுமாம். சாய்ந்திருந்தால், தூரத்து இலக்குக்காகக் குறியை ஏற்றும்போது குண்டு ஓரமாக ஒதுங்கிவிடுமாம். சனிக்கிழமை அவளுக்குத் தேர்வுப் போட்டி. மூன்று வருஷமாக இதற்காகத்தான் விடிவதற்குள் எழுந்து பயிற்சிக்கு ஓடுகிறாள்.

சரியென்று, கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கித் துப்பாக்கியை மேஜைமேல் மட்டமாக வைத்தேன். தோட்டாவெல்லாம் கிளப்பில் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள். கடையின் பழைய பூட்டை நூலில் கட்டி, கொல்லைக் கோடியில் துணி காயும் கொடியில் தொங்கவிட்டேன். நூலும் நெட்டுக்கோடும் ஒன்றானால் வேலை முடிந்தது. காற்றில் பூட்டு ஆடியது. நிற்கட்டுமே என்று குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் போர்வை உப்பிற்று, அடங்கிற்று, மறுபடி உப்பிற்று. ஒரு மேகம் கூட்டல் குறியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக எவ்வளவு நேரமாகும் தெரியுமா மச்சான்? எனக்குத் தெரியும். டீ ஆறிப்போகும். நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. உங்கள் தங்கை வந்து, "கடைய மூடி ஒரு வருஷமாச்சு, இப்ப யார் மூக்குக்கு அளவெடுக்கிறீங்க?" என்று கேட்டபோது வெயில் சுவரேறியிருந்தது.

மூக்கு என்றதும்தான் என் புத்தி தடம் மாறியது. கண்ணாடியை முகத்துக்குத் தோதாகத்தானே மாட்ட வேண்டும்? இரண்டு காதும் ஒரே மட்டத்தில் உள்ள மனிதனை நான் பார்த்ததே இல்லை. அவள் சுடும்போது தலையை வலப்பக்கம் சாய்ப்பாளே என்று குழாயையும் வலப்பக்கம் திருப்பி இறுக்கினேன். அப்புறம் பயந்துபோய் நிமிர்த்தினேன். திருகை இறுக்க இறுக்கக் குழாயும் கூடவே திரும்பித் தொலைக்கிறது மச்சான். இப்போது சுவர்க் கடிகாரமே கோணலாகத் தெரிகிறது. அவள் தோற்றால் அது என் கைத்துணியால்தான். 

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு நேராக நின்று வாழட்டும்.

தங்கள்
கண்ணாடிக்கடை மாப்பிள்ளை

பி.கு.: வர வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் மகள் இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை. குழாயின் அடியைக் காட்டினாள். குழாயிலும் அதைப் பிடிக்கும் வளையத்திலும் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று. நான் கீறல் என்று நினைத்தது. இரண்டையும் பொருத்தி, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். கூட்டல் குறி நூலோடு நூலாக நின்றது.

"இந்தக் கோட்ட எப்பம்மா போட்டே?"

"நீங்க கடைய மூடின அன்னைக்கு. என்னைக்காவது கழட்டித் துடைப்பீங்கன்னு தெரியும்."

"தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குப்பா? தினம் துடைக்க உங்களுக்கும் ஒரு கண்ணாடி வேணுமில்ல."