கரையில் நின்றவருக்குக் கால் பங்கு

மரக்காணம் கடற்கரையில் புதிதாகத் தொழில் தொடங்கிக் கெட்டுப்போன ஒவ்வொருவனும் ஒரு காலத்தில் கால்பங்கு அண்ணன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டவன்தான். இதற்கு விதிவிலக்கே கிடையாது. உருப்பட்டவர்களும் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் சுண்டுவிரல் மிச்சம் இருக்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போன மாதம் வந்திருந்தாள். அவளுடைய கம்பெனி இப்போதுதான் பிறந்த கம்பெனியாம். ஆரம்பத்திலேயே யாரோ ஒருவர் அதில் பணம் போட்டிருக்கிறாராம். வட்டி கேட்கமாட்டாராம், பங்குதான் கேட்பாராம். கம்பெனி முழுகினால் பணமும் கூடவே முழுகிவிடுமாம்.

"அவங்களுக்குப் பேரு ஏஞ்சல் இன்வெஸ்டர்ப்பா. ஏஞ்சல்னா தேவதை. இப்பல்லாம் ஒரே எடத்துல மொத்தமா போட மாட்டாங்க. பத்து எடத்துல கொஞ்சம் கொஞ்சமா போடுவாங்க. தொழிலைக்கூட அவ்வளவா பாக்கறதில்ல, ஆளைத்தான் பாக்கறாங்க. அதான் டிரெண்டு" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சொன்ன டிரெண்டு எங்கள் ஊரில் இருபது வருடங்களுக்கு முன்பே லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தேவதைக்கு முன்பல் இரண்டு கிடையாது.

கால்பங்கு அண்ணன் மீனவக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லோரும் கடலில் பிழைத்தவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்தால் வாந்தி. படகைத் தள்ளிவிட முழங்கால் தண்ணீரில் நின்றாலே கண் சொருகும். ஒரு கல்யாண வீட்டில் டிவியில் அலையைக் காட்டியதற்குப் பந்தியை விட்டு எழுந்து ஓடினார் என்று சொல்வார்கள். ஓடியது கொஞ்சம் அதிகப்படி. எழுந்தது உண்மை.

அவருடைய அப்பா பார்த்தார். இவன் படகுக்கு ஆகமாட்டான் என்று ஒரு வலையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். எங்கள் கரையில் பிடித்து வந்த மீனைப் பங்கு வைக்க ஒரு முறை உண்டு. கடலுக்குப் போன ஆட்களுக்குப் பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. வலைக்குச் சொந்தக்காரன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் வலையின் பங்கு அவனுக்கு வந்துவிடும். மீன் கிடைக்காத நாளில் யாரும் யாருக்கும் கடன்காரன் இல்லை. அண்ணனுடைய வலை பக்கத்து வீட்டுக்காரர் படகில் கடலுக்குப் போகும். அண்ணன் கரையில் நின்று கையசைத்து அனுப்புவார். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

இப்படிச் சும்மா இருந்தவருக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது, இந்த முறை ஏன் கடலோடு நிற்க வேண்டும் என்று. அன்று முதல் மரக்காணத்தில் யார் என்ன தொழில் தொடங்கினாலும் தன் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் கால் பங்கு கேட்டார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். நான் பார்த்ததில்லை.

"ஏண்ணா, வட்டிக்குக் குடுத்தா நிம்மதியா குந்தினு இருக்கலாமே" என்று ஒருவர் புத்தி சொன்னார்.

"வலை அறுந்து போச்சுன்னா கடல் மேல கேஸ் போடுவியா நீ?" என்றார் அண்ணன். புத்தி சொன்னவர் அதற்குப் பிறகு யாருக்குமே புத்தி சொல்லவில்லை.

பங்கு போடுவதற்கு முன் அவர் ஒரு பரீட்சை வைப்பார். தொழில் தொடங்க வந்தவனை வீட்டில் உட்கார வைத்து முள்ளுவாளைக் குழம்பு ஊற்றுவார். அந்த மீனில் சதையைவிட முள் அதிகம். அவன் முள்ளை எப்படி எடுக்கிறான் என்று எதிரில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். "தொழிலைப் பத்தி எவன் வேணும்னாலும் அளப்பான். முள்ளுகிட்ட அளக்க முடியாது" என்பது அவர் கொள்கை. குழம்பு வைப்பவர் அவர் மனைவி அஞ்சலை அண்ணி. அண்ணிக்கு இந்தக் கொள்கை மேல் கோபம். மீன் விற்க விடியற்காலையில் கூடை தூக்கிப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்தால், முன்பின் தெரியாத ஒரு முதலாளி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் சலூன்காரர். சுழலும் நாற்காலி ஒன்று வாங்க அண்ணன் பங்கு போட்டார். கரையில் மீனைப் பங்கு வைத்தால் மீனாகவே கொடுப்பார்கள் அல்லவா? அதனால் அண்ணன் எந்தத் தொழிலிலும் பங்கைப் பணமாக வாங்கமாட்டார். நாலு பேருக்கு முடி வெட்டினால் ஒரு வெட்டு அண்ணனுடையது. தினமும் வெட்டிக்கொள்ள அவர் தலையில் அவ்வளவு விளைச்சல் ஏது? தெருவில் போகிற பையன்களைப் பிடித்து வந்து தன் பங்கில் உட்கார வைத்தார். அந்த வருடம் குப்பத்துப் பையன்கள் அத்தனை பேரும் ஒட்ட வெட்டிய தலையோடு திரிந்தார்கள். பேன்கள் கூட்டமாகப் பெருமுக்கல் மலைக்குக் குடிபோய்விட்டன என்று ஊரில் பேச்சு.

அடுத்து பிரவுசிங் சென்டர். பட்டம் வாங்கிய ஒரு பையன் மெயின் ரோட்டில் நாலு கம்ப்யூட்டர் வைத்தான். அண்ணன் கணக்குப்படி அதில் ஒன்று அவருடையது. சாயங்காலமானால் குளித்து, விபூதி வைத்து, அதன் முன்னால் போய்க் கைகட்டி உட்கார்ந்துகொள்வார். சுவிட்ச் போட மாட்டார்.

"அண்ணா, கஸ்டமர் நிக்கறாங்க" என்பான் பையன்.

"மத்த மூணுல குந்த வைப்பா. இது நம்ம பங்கு."

உப்புக் காற்று பட்டுப் பட்டு நாலு கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாகப் படுத்தன. அண்ணனுக்குப் பையன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. "அதுக்கும் கடல் காத்து ஒத்துக்கல, பாவம். என்னை மாதிரியே" என்று தன் கம்ப்யூட்டரைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சிடி வாடகைக் கடை வைக்க வந்தவனுக்குப் பரீட்சையிலேயே தொண்டையில் முள் சிக்கியது. அண்ணிதான் சோற்றை உருட்டிக் கொடுத்து விழுங்க வைத்தார். "முள்ளு மாட்டனவனுக்குமா பங்கு போடுவ?" என்று அண்ணி கேட்டதற்கு, "மாட்டனப்ப அவன் அழல பாரு" என்றார் அண்ணன். கடை மூடிய பிறகு பங்காக வந்த சிடிகளை அண்ணி கருவாடு காயப்போடும் இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அந்த மினுமினுப்புக்குப் பயந்து ஒரு காக்காகூடக் கிட்டே வரவில்லை. அண்ணன் போட்ட பங்குகளில் அதுவரை வந்த உருப்படியான லாபம் அதுதான்.

பிறகு சுனாமி வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அண்ணனுடைய வலையும் போயிற்று. நிவாரணமாக ஒரு புது வலை வந்தது. அந்த வீட்டில் சொத்து என்று சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

நான் அப்போது உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தேன். பாத்திகளில் சேறு ஏறி வேலை நின்றுவிட்டது. ஐந்தாவதோடு நிறுத்தியவனுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? எனக்குப் படிப்பைவிடப் பெரிய குறை, நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். அப்படிப்பட்டவனை என் மனைவி நெட்டித் தள்ளி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள்.

முள்ளுவாளை வந்தது. பேச்சு வராததால் நான் முள்ளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

"இன்னா தொழிலுடா தம்பி?"

"மாவு."

"இன்னா மாவு?"

"இட்லி மாவுண்ணா. பெரிய கிரைண்டர் போட்டு அரைச்சி விக்கலாம்னு."

"அதை ஏன் புடிச்ச?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். "மிஷின் ஓடற சத்தத்துல யாரும் நம்மகிட்ட பேச மாட்டாங்கண்ணா."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. "இவனுக்குப் போடறேன் அஞ்சல" என்றார்.

அண்ணி கரண்டியோடு வந்தார். "மாவைக் காசு குடுத்து எவ வாங்குவா? ஆட்டுக்கல் இல்லாத ஊடு இருக்குதா நம்ம குப்பத்துல? போடறேன்னு சொல்றியே, எதை எடுத்துப் போடுவ?"

"வலையத்தான். உங்க அண்ணன் ரொம்ப நாளா வெலைக்குக் கேட்டுனு இருக்காரு."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "யோவ், இதான் கடைசி. வர்ற பொங்கலுக்குள்ள இந்தக் கடை தேறலன்னா, பொம்மையார்பாளையத்துல எங்க அண்ணன் போட்டுல நீ ஆளா ஏறணும். வாந்தி எடு, மயக்கம் போடு, எனக்குத் தெரியாது. ஆள் பங்கு ஊட்டுக்கு வந்து சேரணும்."

அண்ணன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனாலும் "சரி" என்று சொல்லிவிட்டார்.

தீபாவளி கழிந்து கடை திறந்தோம். யாரும் வரவில்லை. தப்பித் தவறி ஒரு பெண்மணி வந்து "இன்னாபா விலை?" என்று கேட்டால் எனக்குப் பயம் வந்து கிரைண்டரைப் போட்டுவிடுவேன். அவர் இரண்டு தரம் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மார்கழிப் பனியில் மாவும் பொங்க மறுத்தது.

அண்ணன் மட்டும் தினமும் சாயங்காலம் வாளியோடு வந்து தன் கால் பங்கை அளந்து எடுத்துக்கொண்டு போவார். விற்றால்தானே பங்கு என்று நான் தயங்கியதற்கு, "மீன் விக்கலன்னா பங்கு வைக்காம உட்டுடுவாங்களாடா?" என்றார். அவர் வீட்டில் காலையில் இட்லி, மதியம் இட்லி, ராத்திரி தோசை. பொறுக்க முடியாமல் அண்ணி தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு குப்பத்தில் வீடு வீடாகப் போனார்.

"எங்க ஊட்டு ஆளு முதலாளி ஆயிட்டாருடி. மாவா கொட்டுது. ஒரு கிண்ணம் புடி."

"ஒனக்கின்னாக்கா, மகாராணி!" என்று கிண்டல் செய்துகொண்டே பெண்கள் கிண்ணத்தை நீட்டினார்கள்.

பொங்கல் வந்தது. கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. "மிஷினைக் குடுத்துட்டு வலையத் திருப்பிக்கலாம்ணா" என்றேன். என் ஆயுளில் நானாகப் பேச ஆரம்பித்த சில தடவைகளில் அது ஒன்று.

"வலைய எறக்கன ஒடனே இழுப்பானாடா எவனாவது? நீ அரை" என்று சொல்லிவிட்டு, துணிப் பையில் எலுமிச்சம்பழங்களைப் போட்டுக்கொண்டு பொம்மையார்பாளையத்துக்கு பஸ் ஏறினார். அண்ணி பஸ்ஸைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் கடலுக்குப் போனார். அதனால் சாயங்காலம் பங்கு எடுக்க யாரும் வரவில்லை. அதனால் குப்பத்தில் வாளி போகவில்லை. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் கிண்ணங்கள் அண்ணி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன.

"எங்கக்கா மாவு? காத்தால கூடை தூக்கற அவசரத்துல இனிமே யாருக்கா கல்லுல ஆட்டறது?"

"அவரு கடல்ல கெடக்கறாரு. மாவு வேணும்னா கடைக்குப் போங்கடி!"

கோபத்தில் சொன்ன வார்த்தை. அவர்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள். அத்தனை பெண்கள் ஒன்றாக வந்து கேட்டதில் எனக்குக் கிரைண்டரின் சுவிட்ச் எங்கே என்பதே மறந்துபோயிற்று. பின்னாலேயே வந்த அண்ணி என்னை ஒதுக்கிவிட்டுத் தானே காசை வாங்கிக்கொண்டு அளந்து ஊற்ற ஆரம்பித்தார். அன்று பாத்திரம் காலி. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் காலி. அந்த வாரக் கடைசியில் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ போயி அவரைக் கூட்டினு வந்துடு. போதும்னு சொல்லு."

"நானாண்ணி?"

"பின்ன யாரு, கிரைண்டரா போவும்?"

பொம்மையார்பாளையம் கரையில் படகைச் சுற்றிப் பெரிய கூட்டம். அண்ணியின் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க மச்சானையா? அனுப்ப முடியாது. அவரு வாந்தி எடுக்கற பக்கம் வலை போட்டா மீனு கொத்துக் கொத்தா வருது. பக்கத்துப் போட்டுக்காரன் அவருக்கு ரெண்டு பங்கு தர்றேங்கறான்."

இருபது பேர் என்னையே பார்த்தார்கள். படகின் நிழலில் அண்ணன் சுருண்டு கிடந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாதி ஆளாக இருந்தார். அதைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் குரல் அந்தக் கரைக்கே கேட்டது.

"எங்க அண்ணனைக் குடுங்க. நான் கூட்டினு போறேன்."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "யார்ரா அது, கத்தறது?" என்றார். பிறகு, "மாவு விக்குதா?"

"விக்குதுண்ணா. மிச்சமே இல்ல."

"எனக்குக் கடல் பழகிடுச்சிடா" என்று பெருமையாக எழுந்து நின்றார். நின்ற இடத்திலேயே, காய்ந்த மணலில், வாந்தி எடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று ஏதோ உளறிக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்துவிட்டார். மீன் வாடையும் எலுமிச்சை வாடையும் அடித்தன. வாய் திறந்து, குழந்தை போலத் தூங்கினார். அத்தனை நாளும் படகில் அவர் கண்ணே மூடியிருக்க மாட்டார்.

மரக்காணம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டரிடம் இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர் வரைக்கும் அவரைத் தூங்கவிட்டேன்.