தவசி பிளாட்டில் வந்து நிற்கும் தெரு

நல்லகாமன் நகர்,
காளவாசலுக்கு மேற்கே, மதுரை.
28-6-1984

நாட்டின் வடக்கு எல்லையைக் காத்து நிற்கும் மருமகன் தவசிக்கு, மதுரையின் மேற்கு எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும் தாய்மாமன் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இங்கே சீர்க்கிடா தவிர மற்ற அனைவரும் நலம். நீ வாங்கிப் போட்ட பிளாட்டும் நலம்.

பட்டாளத்தில் லீவு கிடைக்காததால், உன் தங்கச்சி தங்கப்பொண்ணு சடங்குக்கு நான் கொண்டுபோன சீரை நீ பார்க்காமல் போனாய். நூற்றியொரு தட்டு, இரண்டு செட் மேளம், கழுத்தில் மாலையோடு கிடா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்குமுன் தாய்மாமன் மாலை பிள்ளை கழுத்தில் விழ வேண்டும். உன் அம்மா வீடு எங்கே இருக்கிறது? உன் பிளாட்டுக்குப் பின்னால், காளை நகரில், கூப்பிடு தூரம். ஆனால் மாப்ள, என் வயலைப் பிளாட் போட்டபோது, நான் மூணாம் கிளாஸ் படிப்பை வைத்தே இன்ஜினியர் இல்லாமல் வரப்பைப் பார்த்துத் தெரு போட்டவன். பக்கத்து வயல்காரன் காளை, அவன் நகருக்கு வாய்க்காலைப் பார்த்துப் போட்டான். ரெண்டு தெருவும் முகங்கொடுத்துப் பேசாது. முதல் தெருவில் நுழைந்தோம், கிணற்றில் முடிந்தது. திரும்பினோம், மேளம் பின்னாலும் கிடா முன்னாலும் ஆகிவிட்டது. ரெண்டாம் தெரு மொக்கையன் மாட்டுக்கொட்டத்தில் முடிந்தது. "அண்ணே, காளவாசல் போயி சுத்தித்தான் வரணும், ஊதுறதுக்கு மூச்சு இருக்காது"ன்னு நாயனக்காரர் உட்கார்ந்துட்டாரு. இப்படிப் போகவும் வரவுமா இருந்ததுல சனம் முன்னூத்தி மூணு தட்டுன்னு எண்ணிருச்சு. எந்தத் தாய்மாமனுக்கு இம்புட்டுப் பெருமை கிடைக்கும்? பத்தேகாலுக்கு உன் அம்மா மொட்டைமாடியில் நின்னு, "அண்ணே, தட்டு தெரியுது, ஆளும் தெரியுது, வழிதான் தெரியல! தெருப் போட்ட மகராசன் யாருண்ணே?"ன்னு கத்தினாள். "நான்தான் தாயி!"ன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். பத்து இருபத்தெட்டுக்கு மாலை விழுந்தது. தாய்மாமன் சொல் தவறவில்லை.

மற்ற நகரில் தெரு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நம் நகரில்தான் மூன்றாம் தெரு உன் பிளாட்டுக்கு முன் வந்து மரியாதையாக நிற்கும். அந்த இடத்தை வேறு யாருக்கும் தராமல் உனக்கென்று விற்றவன் நான். அதைச் சுற்றி என் கையால் முள்வேலியும் போட்டேன். ஆகவே நிம்மதியாகத் துப்பாக்கியைப் பிடி.

அய்யனார் உன்னையும் உன் பட்டாளத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
நல்லகாமன்

பி.கு.: மாலை எப்படி நேரத்துக்கு விழுந்தது என்று கேட்பாய். முள்வேலியை நான்தான் வெட்டினேன். கிடா முதலில் போனது, பின்னால் முன்னூற்று மூன்று தட்டும் போயின. மறுநாள் பால்காரர் போனார், அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இப்போது மாட்டுவண்டி. ரெண்டு நகரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விளக்குக் கம்பமும் நட்டாச்சு. முனையில் 'தவசி தெரு' என்று பலகை வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே தெருவுக்குப் பேர் வாங்கியவன் நம் வம்சத்தில் நீதான். லீவில் வந்து வீடு கட்டுவதானால் தாராளமாகக் கட்டு மாப்ள. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் மட்டும் அகலமாக வை, வண்டி போகணும்.