கெண்டைக்குக் கஞ்சி வார்த்தவர்

நோயாளிக்கு மருந்து சொல்பவர்களை நான் மன்னித்துவிட்டேன். அவர்களால் உலகம் நிறைந்திருக்கிறது, மன்னிக்காமல் எங்கே போவது? நான் சொல்லவந்தது வேறு ரகம். நன்றாக இருப்பவனைப் பிடித்து நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்து, "தெம்பு பத்தாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, அந்தத் தெம்பேற்றி ரகம்.

சின்ன காஞ்சிபுரத்தில் நான்கு தறி வைத்திருக்கும் கோதண்டபாணி இதில் அசல் சரிகை. பால் வாங்கப் போனால் மாட்டுக்கு வெந்தயம் சொல்வார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்குச் சுக்கு. பெருமாளைச் சேவிக்கப் போன இடத்தில் கோயில் யானைக்கு லேகியம். யாராவது கேட்டார்களா? கேட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்றால் அவர் வாயைத் திறக்க வழி ஏது?

போன மாசியில் தறிக்கு ஆள் தேடித் தென்னேரிக்குப் போனவர் கண்ணில் தில்லையம்மாளின் குட்டை பட்டது. அது நெல் பொய்த்த வருஷம். மீன் இலாகாவில் வாங்கிவிட்ட கெண்டைக் குஞ்சுகளைத் தவிடும் புண்ணாக்கும் போட்டு அவள் ஒரு சாண் நீளத்துக்கு வளர்த்திருந்தாள். அடுத்த அறுவடை வரை அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமென்றால் அந்த மீன்களை நம்பித்தான்.

கோதண்டபாணி பிறந்ததிலிருந்து சைவம். மீனை அவர் வாயில் வைத்ததில்லை. அதனாலென்ன, மீன் வாயில் எதை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

"இன்னாம்மா, மீனுங்க சோர்ந்துக்கினு கெடக்குது?"

"நல்லாத்தானே மேயுதுங்கய்யா."

"இன்னிக்கு மேயும். நாளைக்கு நோவு வந்தா எதிர்த்து நிக்கணுமில்ல? கஞ்சி போடாத பாவு நூலைத் தறியில ஏத்தினா இழை அறுந்துக்கினே இருக்கும். உசுருக்கும் அதே கதிதாம்மா."

தெருவில் நீட்டிக் கட்டிய பட்டுப் பாவு கஞ்சி குடித்து விறைப்பதை நாற்பது வருஷமாகப் பார்த்த மனிதர். மறுநாளே இரண்டு அண்டா அரிசிக் கஞ்சியில் பூண்டு, மஞ்சள், மிளகு, ஒரு டப்பா லேகியம் எல்லாம் கலந்து, மாட்டுவண்டியில் கொண்டுவந்து தன் கையாலேயே ஊற்றினார். பெரிய மனிதர், சொந்தச் செலவு வேறு. தில்லையம்மாள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? இலவசமாகச் செய்வதுதான் இந்த ரகத்தின் பெரிய ஆபத்து.

கஞ்சி புளித்தது. மூன்றாம் நாள் விடியலில் குட்டை நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. பலனைப் பார்க்க முதல் பஸ்ஸில் வந்திறங்கிய கோதண்டபாணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா, இன்னும் கேக்குதுங்க!"

"மூச்சு முட்டிச் சாவுதுங்கய்யா!" என்று அலறிய தில்லையம்மாள், பக்கத்துக் கிணற்றின் பம்புசெட்டைக் குட்டைக்குத் திருப்பிவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கி முறத்தால் தண்ணீரை அடித்துக் கலக்கினாள். உச்சிவேளைக்குள் பாதி பிழைத்துக்கொண்டன. மீதி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கின. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கோதண்டபாணிக்கு எரியவில்லை. ஈரப் புடவையோடு கரையேறியவளிடம் சொன்னார்: "நம்ம கஞ்சி உள்ள போயிருந்ததாலதாம்மா இவ்வளவாவது தாங்கிச்சு. இல்லாங்காட்டி மொத்தமும் போயிருக்கும். நீகூட எளைச்சுதான் இருக்கிறே..."

அவள் கையில் முறம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சிரிக்கிறீர்கள், சரி. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் அண்டாவில் கலக்கிய இடத்தைப் படித்தபோது, 'பூண்டைப் பச்சையாகப் போட்டிருக்கக் கூடாது, வதக்கிப் போட்டிருக்க வேண்டும்' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா? தோன்றியிருந்தால் தயவுசெய்து தென்னேரிப் பக்கம் போகாதீர்கள். தில்லையம்மாள் அந்த முறத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.