நீதிபதியின் கை அளவு

பட்டறை மேஜைமேல் கிடந்த ஒரு அங்குல மரத்துண்டைப் பார்த்ததும் துப்பாக்கி மெக்கானிக் டீ கிளாஸை டக்கென்று கீழே வைத்தார்.

"டேய், இது எதுலேருந்து வந்துச்சு?"

"நீதிபதி துப்பாக்கியிலேருந்துதான் மாமா," என்றான் கூட வேலை பார்க்கும் மச்சினன். "நீங்க நீல டேப் சுத்தி வெச்சிருந்தீங்க. அதுதான் அறுக்கற அடையாளம்னு அறுத்துட்டேன்."

"அறுக்க வேண்டியதை நான் காலையிலேயே அறுத்தாச்சு. அந்த டேப், ரப்பரைத் தேய்க்கறப்ப பாலிஷ்ல கீறல் விழக்கூடாதுன்னு சுத்தினது."

"எழுதி ஒட்டியிருக்கலாம்ல?"

எண்பது வருஷத்துப் பழைய இரட்டைக் குழல். சுட்டால் உதைக்கிறது, தோள் கன்றிப் போகிறது. தோளில் படும் இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு ரப்பர் மெத்தை வைக்கணும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி கொண்டுவந்திருந்தார். மெத்தை ஒரு அங்குல கனம். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் ஒரு அங்குலம் அறுத்தால் பழைய நீளமே வந்துவிடும். இப்போது இரண்டு போய்விட்டது.

கொண்டுவந்த அன்றைக்கே நீதிபதி, "முதல்ல ஒரு விஷயம்..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"முதல்ல அளவு சார். கையை மடக்குங்க."

அளவெடுக்காமல் பேச்சே கிடையாது, அது கடைச் சட்டம். நீதிபதி ஆறடி உயரம். முழங்கையை மடக்கிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

"இப்ப இருக்கற நீளம் உங்களுக்குக் கச்சிதம் சார். அப்படியே வெச்சிடறேன்," என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. அவர் நாலு பேரிடம் சொன்னால் அப்புறம் எவன் துப்பாக்கியைக் கொடுப்பான்?

"துண்டைத் திரும்ப ஒட்டிடலாம் மாமா."

ஒட்டினார்கள். பசை இறுகிய பிறகுதான் துண்டு தலைகீழாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"தள்ளு. நானே அறுத்து எடுக்கறேன்."

கோபத்தில் அறுத்ததில், பசையோடு இன்னொரு கால் அங்குலமும் போனது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றான் மச்சினன்.

வேறு வழியில்லாமல் மெத்தையைத் திருகிப் பொருத்தி, தேய்த்து, டேப்பை உரித்தபோது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நீதிபதி வந்தார். பின்னால் அவர் மனைவி, கைப்பையோடு. அவர் தோளுயரம்கூட இல்லாத அம்மாள். ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

காலித் துப்பாக்கிதான் என்று மெக்கானிக் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார். நீதிபதி தோளில் வைத்தார். கட்டைவிரல் நேராகப் போய் மூக்கில் இடித்தது.

"என்னய்யா இது, பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கு?"

மெக்கானிக் உரித்த டேப்பை உருட்ட ஆரம்பித்தார். மச்சினன் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான்.

"இங்க குடுங்க," என்று அந்த அம்மாள் எழுந்தார். வாங்கினார், தோளில் பதித்தார், கன்னத்தைச் சாய்த்தார், ஜன்னலுக்கு வெளியே பறந்த புறாவைக் குழலால் வளைத்துத் தொடர்ந்தார். முகம் மலர்ந்தது.

"அப்பாடா, இப்பதான் என் கைக்கு வந்திருக்கு. கிளப்புல சுடறது நான். இவரு வெடிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு கார்ல போய் உக்காந்துக்குவாரு. இவரு கையை எதுக்குங்க அளந்தீங்க?"